சூரியன் கான்ஜி: நாலு கோடு, அஞ்சு சத்தம். எப்படிங்க மனசுல நிறுத்துறது?

#1 செவ்வந்தி_ஈரோடு

வணக்கங்க. சாயங்கால வகுப்புல ஜப்பானியம் சேர்ந்து மூணு மாசம் ஆகுதுங்க. ஹிரகானா, கட்டகானான்னு சத்தத்துக்கு இருக்கிற எழுத்து ரெண்டையும் ஒரு வழியா கரையேத்திட்டேன். போன வாரம் கான்ஜி, அதான் சீனாவுல இருந்து வந்த, அர்த்தத்தைக் காட்டுற எழுத்து, ஆரம்பிச்சாங்க. முதல்ல குடுத்த பத்துல சூரியன் எழுத்தும் ஒண்ணு. பார்க்க ரொம்ப சாது. ஒரு பெட்டி, நடுவுல ஒரு கோடு. இதுல என்ன பெருசா இருக்கப்போகுதுன்னு நெனச்சேன்.

மறுநாள் சென்செய் (எங்க டீச்சர்) போர்டுல ஒரே ஒரு வரி எழுதிப் படிக்கச் சொன்னாங்க.

“ஜூஇச்சிகட்சு மிக்கா வா நிச்சியோபி தே ஷுகுஜிட்சு, ஹரே நோ ஹி தெஷ்தா.”

நவம்பர் 3 ஞாயித்துக்கிழமை, அரசு விடுமுறை, வெயிலடிச்ச நாளா இருந்துச்சு. அவ்வளவுதான் அர்த்தம். இந்த ஒரு வரியில சூரியன் எழுத்து அஞ்சு தடவை வருதுங்க. மிக்காவுல ‘கா’. நிச்சியோபியில முன்னாடி ‘நிச்சி’, பின்னாடி ‘பி’. ஷுகுஜிட்சுவுல ‘ஜிட்சு’. கடைசியில ‘ஹி’. அஞ்சு தடவையும் வேற வேற சத்தம்! நான் அஞ்சையும் ‘நிச்சி’ன்னே படிச்சு வெச்சேன். வகுப்பே சிரிச்சுது.

அடுத்தது எழுதுறது. பேனாவை எடுக்காம பெட்டியைச் சுத்தி வரைஞ்சு நடுவுல கோடு போட்டேன். அச்சுல இருக்கிற மாதிரியேதான் இருந்துச்சு. சென்செய் சிவப்பு மையில சுழிச்சு “நாலு கோடு”ன்னு எழுதிட்டாங்க. முடிஞ்ச உருவம் ஒண்ணாத்தானே இருக்கு, எந்தப் பக்கத்துல இருந்து வரைஞ்சா என்னங்க?

இன்னொண்ணும் கேட்டுக்கறேன். ஜப்பானிய மொழித் தேர்வோட முதல் படியான என்5ல கையால எழுதவே சொல்ல மாட்டாங்களாமே. அப்புறம் எதுக்கு இந்தக் கஷ்டம்?

#2 மாமரத்து_அணில்

கஞ்சி குடிச்சுப் பழக்கம் இருக்கு, கஞ்சி எழுதிப் பழக்கம் இல்ல. கை தூக்கிட்டேன், ஓரமா உக்காந்து படிச்சுக்கிறேன்.

(ஜப்பான்காரன் உண்மையிலேயே ‘கஞ்சி’ன்னுதான் சொல்றான். நாமதான் கால் போட்டு ‘கான்ஜி’ ஆக்கி வெச்சிருக்கோம்.)

#3 மட்டுறுத்துநர்

ஒரு அறிவிப்பு. நம்ம தளத்துல ஜப்பானிய எழுத்தை ஒட்டினா எல்லாம் கேள்விக்குறியாத்தான் தெரியும். சரி பண்ணச் சொல்லி ஒரு வருஷமா ஆகுது. அதுவரைக்கும் எழுத்தை வாயால வர்ணிச்சுக்கோங்க. ஏற்கெனவே ரெண்டு பேர் கேள்விக்குறியா போட்டதை நீக்கியிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

#4 கட்டம்போட்ட_நோட்டு

வாயால வர்ணிக்கிறது ஒருவகையில நல்லதுதான். எழுத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா படமாத்தான் தெரியும், சொல்லிப் பார்த்தாத்தான் கோடாத் தெரியும்.

செவ்வந்தி, கணக்கு நோட்டு ஒண்ணு வாங்குங்க, சின்னப் பசங்களுக்குக் கட்டம் கட்டமா வருமே அது. நாலு கட்டத்தைச் சேர்த்து ஒரு பெரிய கட்டமா வெச்சுக்கோங்க. நடுவுல சிலுவை மாதிரி கோடு தானா விழும். ஜப்பான்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க எழுதுற நோட்டும் இப்படித்தான், புள்ளிக்கோட்டுல சிலுவை போட்டு வரும். அங்க ஒண்ணாங்கிளாஸுக்கு 80 எழுத்து. உங்க சூரியனும் அதுக்குள்ளதான்.

இப்ப பேனாவை வையுங்க.

முதல் கோடு, இடது பக்கம் மேலிருந்து கீழ. நேரா இறக்கி, கீழ வந்ததும் அழுத்தி நிறுத்துங்க. இழுத்து விடக்கூடாது.

ரெண்டாவது, முதல் கோட்டோட தலையில இருந்து கிளம்பி வலது பக்கம் போகணும். மூலையில ஒரு நொடி நின்னு, பேனாவை எடுக்காம அப்படியே கீழ இறக்கணும். மேல்பக்கமும் வலதுபக்கமும் சேர்ந்து ஒரே கோடு. உங்களுக்கு மார்க் போனது இங்கதான். நாலு பக்கத்தையும் ஒரே இழுப்புல இழுத்துட்டீங்க.

மூணாவது நடுக்கோடு, இடமிருந்து வலம். நாலாவது அடிக்கோடு. அது கடைசியிலதான் வரணும். வீட்டுக்குள்ள சாமான் எல்லாம் வெச்சுட்டுத்தானே கதவைச் சாத்துவோம்.

ஒரு நுணுக்கம் சொல்றேன், இதை நிறைய பேர் சொல்லிக் குடுக்கிறதில்ல. அடிக்கோட்டுக்குக் கீழ ரெண்டு பக்கக் கோடும் நூலளவு இறங்கி நிக்கணும், முக்காலி கால் மாதிரி. ‘வாய்’ எழுத்துன்னு ஒண்ணு இருக்கு, உள்ள ஒண்ணுமில்லாத வெறும் பெட்டி, மூணு கோடு. அதுல தலைகீழ். அடிக்கோடு வலது பக்கம் லேசா வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். இது ரெண்டையும் கவனிச்சு எழுதினாலே உங்க கையெழுத்து நாலு வருஷம் படிச்சவங்க கையெழுத்து மாதிரி தெரியும்.

#5 செவ்வந்தி_ஈரோடு

ரொம்ப நன்றிங்கண்ணா. தம்பியோட பழைய கணக்கு நோட்டை எடுத்து ரெண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். என்னமோ பழைய காலத்து டிவிப் பொட்டி மாதிரி வருதுங்க. அம்மா எட்டிப் பார்த்துட்டு “ஜன்னல் வரையறியா?”ன்னு கேக்கறாங்க.

#6 கட்டம்போட்ட_நோட்டு

அகலமா போட்டிருப்பீங்க. சூரியன் ஒல்லி. தீப்பெட்டியைப் படுக்க வைக்காம நிறுத்தி வெச்சா எப்படியோ அப்படி. படுக்க வெச்ச மாதிரி எழுதினா அது வேற எழுத்தே ஆயிடும். ‘சொல்கிறார்’ங்கிற அர்த்தத்துல பழைய நூல்கள்ல வரும், ‘இவாகு’ன்னு படிப்பாங்க. உங்களுக்கு இப்ப தேவையில்ல, ஆனா ஒல்லி ஏன் முக்கியம்னு புரியணும்ல.

உள்ள ஒரு கோடு சேர்ந்து ரெண்டா ஆனா ‘கண்’. தலையில சின்னதா ஒரு சாய்கோடு கிள்ளி வெச்சா ‘வெள்ளை’. வெள்ளைக்கு மேல ஒரு படுக்கைக்கோடு போட்டா ‘நூறு’. நூறுல இருந்து மேல இருக்கிற அந்தக் கோட்டை எடுத்தா, அதாவது ‘ஒண்ணு’ங்கிற எழுத்தைக் கழிச்சா, வெள்ளை. அதனால 99 வயசு கொண்டாட்டத்துக்கு ‘வெள்ளை வயசு’ன்னு பேரு வெச்சிருக்காங்க, ‘ஹகுஜு’. கணக்கு வாத்தியார் யாரோதான் வெச்சிருக்கணும்!

#7 தட்டச்சுப்புலி

யாராவது ஒருத்தர் மாத்திச் சொல்லணும்ல, நான் சொல்றேன்.

எழுதிப் பழகுறது நேரத்தைக் கொல்ற வேலை. நான் அதே தேர்வுல நடுப்படியான என்3 வரைக்கும் பாஸ் பண்ணியிருக்கேன், ஒரு கான்ஜி கூட கையால எழுதினதில்ல. தேர்வு முழுக்க வட்டம் கறுக்கிறதுதான். வேலையில எல்லாமே தட்டச்சு. ‘நி’, ‘ஹோன்’னு தட்டினா போன் தானே எழுத்தைக் காட்டுது, தொட்டா முடிஞ்சுது. ஜப்பான்காரனே இன்னைக்குக் கையால எழுதச் சொன்னா பாதி மறந்துட்டு முழிக்கிறான். தினமும் அரை மணி எழுதுற நேரத்துல இருபது வார்த்தை படிச்சிருக்கலாம்.

இன்னொண்ணு கேளுங்க. ஜப்பான்ல எந்தப் படிவத்தை எடுத்தாலும் தேதி எழுதுற இடத்துல வருஷம், மாசம், நாள் மூணு எழுத்தையும் அவங்களே அச்சடிச்சு வெச்சிருப்பாங்க. நாம எண் மட்டும் போட்டாப் போதும். இவ்வளவு பாடுபட்டுப் படிக்கிற இந்த எழுத்தை எழுத வேண்டிய இடத்துல கூட எழுத விடமாட்டான்!

#8 கட்டம்போட்ட_நோட்டு

புலி, உங்க கணக்கு உங்களுக்குச் சரி. ஆனா ரெண்டு விஷயம்.

கோடு எண்ணத் தெரியாட்டா தெரியாத எழுத்தை அகராதியில தேட முடியாது, அங்க வரிசையே கோட்டுக் கணக்குலதான். செவ்வந்தி வரைஞ்ச மாதிரி எண்ணினா சூரியன் ரெண்டு கோடு ஆயிடும். கண்ணுக்குத் தெரியற மாதிரி எண்ணினா அஞ்சு. நாலு வரவே வராது. போன்ல விரலால எழுதித் தேடுறதுக்கும் ஓரளவுக்கு இதே கதைதான்.

அடுத்தது, இந்த எழுத்து தனியா நிக்கிற எழுத்து இல்ல, பெரிய எழுத்துக்குள்ள உறுப்பா போய் உக்காரும். இடது பக்கம் இன்னும் ஒல்லியாகும். பக்கத்துல நிலாவை வெச்சா ‘வெளிச்சம்’, எட்டு கோடு. ‘நேரம்’, ‘வானம் தெளியறது’ எல்லாத்துலயும் இடது ஓரத்துல இவர்தான். கிழமைன்னு சொல்ற ‘யோ’ எழுத்து 18 கோடு, அதையும் என்5காரங்க வாராவாரம் பார்த்தே ஆகணும். அதுலயும் இடது பக்கம் சூரியன். நாலு கோட்டைக் கை தானா போடப் பழகிட்டா மீதி பதினாலைத்தான் யோசிக்கணும்.

மத்தபடி எல்லாத்தையும் எழுதணும்னு நானும் சொல்லலை. முதல் நூறு. அதுக்கு மேல அவங்கவங்க விருப்பம்.

#9 தட்டச்சுப்புலி

நூறு எங்க இருந்து வந்துச்சு? நீங்களா வெச்ச எண்தானே?

#10 கட்டம்போட்ட_நோட்டு

நானா வெச்சதுதான். அதுக்குள்ள கை பழகிடுது, என் அனுபவம்.

#11 சுவடி_தாத்தா

இழையைப் படித்தேன். ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது. பேத்தி படிக்கிறாள், அருகில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் “ஓர் எழுத்துக்கு ஏன் பல ஒலி” என்று நாம் வியப்பதுதான் எனக்கு வியப்பு.

வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். “நிகழும் குரோதி ௵ ஆவணி ௴ 20௳ வியாழக்கிழமை” என்றிருக்கும். அந்த ௳ என்பது என்ன எழுத்து? உயிரா, மெய்யா? இரண்டும் இல்லை. அதற்கென்று ஓர் ஒலி கிடையாது, பொருள்தான் உண்டு. எங்கள் அப்பா அதை “இருபதாம் நாள்” என்று படிப்பார், அம்மா “இருபதாந்தேதி” என்பார். இருவரும் சரி. ௴ என்பதை ஒருவர் மாதம் என்பார், இன்னொருவர் மாசம் என்பார். குறி ஒன்று, வாயில் வருவது சொல்லைப் பொறுத்தது. உங்கள் சூரியன் எழுத்தும் தேதிக்குப் பின்னால் நிற்கும்போது நம் ௳ செய்கிற வேலையைத்தான் செய்கிறது.

அழைப்பிதழ் கூட வேண்டாம். 1 என்ற எண்ணை எடுங்கள். “1 மரம்” என்றால் ஒரு மரம். “1 ஆண்டு” என்றால் ஓர் ஆண்டு. “1ஆம் வகுப்பு” ஒன்றாம் வகுப்பு. 11இல் போய் நின்றால் பதினொன்று, 10இல் நின்றால் பத்துக்குள் கரைந்தே போகிறது. இதற்கு யாராவது பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோமா?

#12 செவ்வந்தி_ஈரோடு

தாத்தா!!! ௳ அழைப்பிதழ்ல ஆயிரம் தடவை பார்த்திருக்கேன், ஏதோ கிறுக்கல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் உறைக்குது.

#13 நகோயா_வாசி

செவ்வந்தி கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் நேரா பதில் வரலை, நான் முயற்சி பண்றேன்.

அஞ்சு சத்தம்னு பயப்படாதீங்க, கணக்குப்படி நாலுதான். ஜப்பான் அரசோட பொதுப் பயன்பாட்டுப் பட்டியல்ல 2,136 கான்ஜி இருக்கு. அதுல சூரியனுக்கு நேரா நிச்சி, ஜிட்சு, ஹி, கா இந்த நாலுதான் போட்டிருக்கு. ‘பி’ங்கிறது ‘ஹி’யேதான். ஒரு சொல்லுக்குப் பின்னாடி ஒட்டும்போது சத்தம் தளருது. நிச்சியோபி, தன்ஜோபி (பிறந்தநாள்). ரொம்பப் பழைய காலத்துல அவங்க ‘ஹ’ சத்தம் ‘ப’வா இருந்தது, அதனாலதான் தளரும்போது ஆங்கிலத்து ‘பஸ்’ல வர்ற ப-வா மாறுது. நாமளும் ‘பல்’லுல அழுத்திச் சொல்ற ப-வை ‘கம்பு’ல தளர்த்தித்தானே சொல்றோம்? எழுத்து மாறலை, இருக்கிற இடம் மாறுது.

மீதி நாலுல ‘ஹி’யும் ‘கா’வும் ஜப்பான் மண்ணோட சொந்தச் சொல்லு, குன்யோமி. ‘நிச்சி’யும் ‘ஜிட்சு’வும் சீனாவுல இருந்து வந்த சத்தம், ஒன்யோமி. சீனாவுல இருந்து ஏன் ரெண்டு? ரெண்டு தவணையா வந்ததால. ‘நிச்சி’ முதல்ல வந்தது, தென்சீனப் பக்கத்து உச்சரிப்பு. ‘ஜிட்சு’ அப்புறம் தாங் அரசவம்ச காலத்துல தலைநகர் உச்சரிப்பா வந்தது. புதுசு வந்ததும் பழசைத் தூக்கிப் போடாம ரெண்டையும் வெச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா நடைமுறையில இந்த வரலாறு எதுவும் வாசிக்கிறப்ப கை குடுக்காது. வார்த்தையாப் படிங்க. ‘ஹெய்ஜிட்சு’ வார நாள், ‘க்யூஜிட்சு’ விடுமுறை நாள், ‘ஷுகுஜிட்சு’ அரசு விடுமுறை. இது மூணும் கடை வாசல்ல நேரம் எழுதியிருக்கிற பலகையில இருக்கும். ‘மைநிச்சி’ தினமும். ‘தன்ஜோபி’ பிறந்தநாள். வார்த்தை பழகினா சத்தம் அதுகூடவே வந்துடும். எழுத்தைத் தனியா காட்டி “இதுக்கு என்ன சத்தம்?”னு யாராவது கேட்டா, “எந்த வார்த்தையில?”ன்னு திருப்பிக் கேளுங்க. உங்க சென்செய் கேட்டாலும் சரி.

நான் வந்த புதுசுல ஒரு கூத்து. மதியம் சாப்பிடப் போன கடையில கதவுல ஒரு தாள். ரெண்டு எழுத்து எனக்குத் தெரியும், சூரியனும் ‘மூலம்’ங்கிற எழுத்தும். ரெண்டும் சேர்ந்தா ‘நிஹோன்’, ஜப்பான். “ஓ, ஜப்பான் என்னமோ”ன்னு நெனச்சு கதவை இழுத்தேன், திறக்கலை. இன்னும் பலமா இழுத்தேன். உள்ள ஒரு அம்மா கையைக் குறுக்கே வெச்சு பெருக்கல்குறி காட்டுறாங்க. நான் வரிசையை மாத்திப் படிச்சிருக்கேன். சூரியன் முன்னாடி வந்தா ‘நிஹோன்’. பின்னாடி வந்தா ‘ஹோன்ஜிட்சு’, ‘இன்று’. “இன்று கடை விடுமுறை.”

#14 யாழ்_பனங்கிழங்கு

நகோயா அண்ணா, உங்கட கதையைக் கேட்டு எனக்கும் சொல்லவேணும் போல கிடக்கு. நானும் ஜப்பானிலதான் இருக்கிறன். வந்த புதுசில பல்லு வலிச்சு ஒரு கிளினிக்குக்குப் போனனான். முதல் நாள் பார்த்திட்டு அடுத்த தரம் ‘யோ...கா’ எண்டு ஏதோ சொல்லிச்சினம். நான் நாலாந்திகதி எண்டு விளங்கிக்கொண்டு நாலாந்திகதி காலமை போய் இருந்தன். அவை கொம்பியூட்டரைப் பாக்கினம், என்னைப் பாக்கினம், திரும்பக் கொம்பியூட்டரைப் பாக்கினம். அவை சொன்னது எட்டாந்திகதி.

நாலு ‘யொக்கா’. எட்டு ‘யோகா’, ஆனா கா-வை அழுத்திச் சொல்லவேணும். எங்கட காதுக்கு இது பிடிபடாமல் போனதுதான் வெக்கம். குறிலும் நெடிலும், பட்டமும் படமும் பிறந்ததில இருந்து சொல்லிக்கொண்டு திரியிற ஆக்கள் நாங்கள். முதலாவதில குறில், பிறகு இரட்டைக் க். இரண்டாவதில நெடில், ஒற்றைக் க். இப்பிடித் தமிழில எழுதி வைச்ச பிறகு ஒருநாளும் பிழைக்கேல்ல.

இதில பெரிய பகிடி என்னெண்டால், கிளினிக்கில தந்த அட்டை என்ர சட்டைப் பையிலேயே கிடந்தது. ‘எட்டு’ எண்ட எழுத்தும் சூரியனும் வடிவா எழுதி இருந்தவை. எட்டு எண்டுறது கூரை மாதிரி ரெண்டு கோடு, நாலு எண்டுறது பெட்டிக்குள்ள ரெண்டு கால். வாசிச்சிருந்தால் போயிருக்க மாட்டன். காதை நம்பிப் போனன்.

#15 செவ்வந்தி_ஈரோடு

யோகா எட்டு! இதை மறக்கவே மாட்டேன். தேதி எல்லாத்துக்குமே ‘கா’தானுங்களா?

#16 யாழ்_பனங்கிழங்கு

இல்லைத் தங்கச்சி. ரெண்டில இருந்து பத்து மட்டும் ‘கா’. ஃபுட்சுகா, மிக்கா, யொக்கா, இட்சுகா, முய்கா, நனோகா, யோகா, கொகொனோகா, தோகா. பிறகு 14, 24 ரெண்டும் யொக்காவில முடியும், 20 ‘ஹட்சுகா’. மற்றதெல்லாம் ‘நிச்சி’. ஒண்டாந்திகதிதான் தனிப்பிறவி, ‘ட்சுஇதாச்சி’. நிலவு தொடங்கிறது எண்ட பழைய சொல்லில இருந்து வந்ததாம். ‘ஒண்டு’ எண்ட எழுத்தும் சூரியனும், அதே ரெண்டு எழுத்தை ‘இச்சிநிச்சி’ எண்டு வாசிச்சால் ‘ஒரு நாள்’ முழுக்க எண்டு பொருள். எது எண்டு வசனத்தைப் பார்த்துத்தான் பிடிக்கவேணும்.

#17 மாமரத்து_அணில்

ஓரமா உக்காந்திருந்தவனை இழுத்து விட்டுட்டீங்க. ‘கொன்னிச்சிவா’வுல வர்ற ‘நிச்சி’யும் இதுதானா?

#18 நகோயா_வாசி

அதேதான்! ‘இப்ப’ங்கிற எழுத்தும் சூரியனும் சேர்ந்தா ‘கொன்னிச்சி’, இன்றைய நாள். “இன்றைய நாளானது...”ன்னு ஆரம்பிச்ச வாக்கியத்தோட வால் அறுந்துபோய் வெறும் வணக்கமா நின்னுடுச்சு. வணக்கம் சொல்றப்ப இப்ப பெரும்பாலும் ஹிரகானாவுலதான் எழுதுறாங்க.

அதே ரெண்டு எழுத்தை சாதாரணமா ‘க்யோ’ன்னு படிப்பாங்க, இன்னைக்கு. இதுல எந்தச் சத்தம் எந்த எழுத்துக்குன்னு பிரிக்கப் பார்க்காதீங்க, பிரியாது. ‘க்யோ’ங்கிற சொல்லு முன்னாடியே வாயில இருந்தது, அது மேல ரெண்டு எழுத்தைப் போர்வையா போர்த்தினாங்க. நாளைக்கு ‘அஷ்தா’, நேத்து ‘கினோ’ ரெண்டும் அப்படித்தான். என்5ல இந்த மூணும் கட்டாயம் வரும்.

#19 தென்னவன்_77

இவ்வளவு நீட்டுவானேன்? ஜப்பான் மொழியே தமிழ்ல இருந்து போனதுதானே. சுசுமு ஓனோ ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டார். நம்மளுக்கு அது தாய்மொழி மாதிரி, தானா வரும்.

#20 சுவடி_தாத்தா

ஓனோ பெரிய அறிஞர், ஐயமில்லை. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அது எப்படி இருந்தாலும் தம்பி, இங்கே பேச்சு எழுத்தைப் பற்றி. எழுத்து சீனத்திலிருந்து போனது. மூவாயிரம் ஆண்டுக்கு முன், ஷாங் அரசர்கள் காலத்தில், அங்கே எழுத்தை எலும்பில் கீறினார்கள். சூரியன் என்றால் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. கெட்டியான எலும்பில் கத்தியால் வட்டம் கீறிப் பாருங்கள், ஏன் பெட்டி ஆயிற்று என்று தெரிந்துவிடும். ஓலையில் நேர்க்கோடு கிழித்துவிடும் என்று நம்மவர்கள் வளைத்து எழுதினார்கள் என்பார்கள். அங்கே அதற்கு நேர்மாறு.

உறவு வேண்டுமானால் கிழமையில் தேடுங்கள். பேத்தி சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்தேன்: சூரியன், நிலா, நெருப்பு, நீர், மரம், பொன், மண். நெருப்புக் கோள் செவ்வாய், நீர்க் கோள் புதன், மரக் கோள் வியாழன், பொன் கோள் வெள்ளி, மண் கோள் சனி. நம் வரிசையேதான், ஓர் இடம்கூடப் பிசகவில்லை. எட்டாம் நூற்றாண்டில் அமோகவஜ்ரர் என்ற பௌத்த ஆசாரியர் கோள், நாள், கிழமை பற்றிய இந்தியச் சோதிடத்தைச் சீன மொழியில் நூலாக்கினார். 806இல் கூக்காய் என்ற துறவி சீனத்திலிருந்து திரும்பியபோது அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். ஞாயிறன்று அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை என்பது மட்டும் 1876இல் மேற்கைப் பார்த்து வந்தது.

நம் மொழியில் ஞாயிறு என்றால் சூரியனும்தான் கிழமையும்தான். திங்கள் என்றால் நிலா, கிழமை, மாதம் மூன்றும். ஜப்பானிய நிலா எழுத்துக்கும் இதே மூன்று வேலை என்றாள் பேத்தி. அவளுக்கு முன் நான் கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

#21 தென்னவன்_77

சரிங்க ஐயா. ஆனா ஓனோ சொன்னதை நான் விடமாட்டேன்.

#22 மட்டுறுத்துநர்

அதுக்குத் தனி இழை ஏற்கெனவே 41 பக்கம் ஓடுது தென்னவன், அங்க வாங்க.

#23 செவ்வந்தி_ஈரோடு

பத்து நாள் ஆச்சுங்க, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.

எழுதுறதுல ரெண்டு பேரு சொன்னதையும் பாதிப் பாதி எடுத்துக்கிட்டேன். இம்போசிஷன் மாதிரி ஐம்பது தடவை சூரியனையே எழுதறதை விட்டுட்டேன். அப்படி எழுதினா பத்தாவதுக்கு மேல மூளை தூங்கிடுது, கை மட்டும் ஓடுது. அதுக்குப் பதிலா தினமும் அன்னைக்குத் தேதியும் கிழமையும் நோட்டோட மேல எழுதறேன். ஒரு வரியில சூரியன் ரெண்டு தடவை வந்துடுது, ஞாயித்துக்கிழமைன்னா மூணு தடவை, ஒவ்வொண்ணுக்கும் சத்தமும் சொல்லிக்கறேன். எட்டாந்தேதி அன்னைக்கு யாழ் அண்ணனை நெனச்சேன்.

இன்னொண்ணு. அப்பா ஒரு பட்டறையில வேலை பார்க்கறாரு. அங்க ஜப்பான்ல இருந்து செகண்ட் ஹேண்டா வந்த மிஷின் ஒண்ணு இருக்கு, ஓரத்துல தகடு அடிச்சிருக்கும். போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னேன். பாதி துரு. ஆனா ஒரு இடத்துல சூரியன், ‘மூலம்’, அப்புறம் தெரியாத ஒரு எழுத்து. நிஹோன்! அப்பாகிட்ட “இது ஜப்பான்னு எழுதியிருக்குப்பா”ன்னேன். “அது எனக்குத் தெரியாதா, மிஷினே ஜப்பான்துதானே”ன்னுட்டாரு.

சந்தேகம் ஒண்ணு. என் நோட்டுல நடுக்கோடு வலது பக்கம் முட்டாம கொஞ்சம் இடைவெளி விழுது. தப்பா?

#24 கட்டம்போட்ட_நோட்டு

தப்பில்ல. பாடப்புத்தக எழுத்துருலயே சிலதுல அப்படித்தான் இருக்கும். இடது பக்கம் ஒட்டியிருந்தாப் போதும். 2016இல் ஜப்பானோட கலாசார முகமையே ஒரு வழிகாட்டி போட்டுச்சு. எலும்புக்கூடு சரியா இருந்தா முட்டுது முட்டலை, நிறுத்தம், கொக்கிங்கிற சின்ன வித்தியாசத்தையெல்லாம் தப்பா எடுத்துக்காதீங்கன்னு. கோட்டு வரிசைக்கும் 1958இல் கல்வி அமைச்சகம் ஒரு கையேடு போட்டப்பவே, இது ஒண்ணுதான் சரின்னு இல்லைன்னு அதுலயே எழுதி வெச்சாங்க. ஆனா உங்க சென்செய் சிவப்பு மை வெச்சிருக்கிற வரைக்கும் அவங்க சொல்றபடியே எழுதுங்க.

தகட்டுல அந்த மூணாவது எழுத்து கீழ்ப்பாதியில துணி, உடுப்புங்கிற எழுத்து மாதிரி இருந்தா ‘செய்’. ‘நிஹோன்செய்’, ஜப்பான் தயாரிப்பு.

#25 தட்டச்சுப்புலி

தேதி எழுதுற யோசனை நல்லா இருக்கு, அதை மட்டும் ஒத்துக்கிறேன். அரை நிமிஷ வேலை. அரை மணி இல்ல.

#26 செவ்வந்தி_ஈரோடு

ஆமாங்க, கீழ உடுப்பு மாதிரிதான் இருக்கு! நன்றிங்கண்ணா.

நாளைக்கு வகுப்புல நிலா எழுத்துங்க. புத்தகத்துல பார்த்தேன், சூரியன் மாதிரியேதான், ஆனா அடிப்பக்கம் திறந்து கிடக்கு, உள்ள ரெண்டு கோடு. இடது கோடு வெளிய வழுக்கிட்டுப் போகுது, வலது கோட்டு நுனியில சின்னதா ஒரு கொக்கி. அந்தக் கொக்கியை எந்தப் பக்கம் தூக்கணுங்க, உள்பக்கமா வெளிப்பக்கமா?

#27 கட்டம்போட்ட_நோட்டு

உள்பக்கம். இறக்கி நிறுத்திட்டு, இடதுபுறமா மேல ஒரு சுண்டு. கணக்கு நோட்டுல பக்கம் இருக்கா, தீர்ந்துடுச்சா?